ஸ்லாவிய மொழிகளுக்கு மட்டும் தனி ஆக்கமுறை மாநாடு எதற்கு?

தென்கரை எழுதியது:

வணக்கம். மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக வேற்றுமை, இயைபு (வினைமுற்று எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் பொருந்தி நிற்பது) பற்றிய கட்டுரைகளைத் தேடும்போதெல்லாம் ரஷ்யன், போலிஷ், ஸ்லோவேனியன் என்றே வந்து நிற்கிறது. எங்கே வெளியானது என்று பார்த்தால் பெரும்பாலும் எஃப்.ஏ.எஸ்.எல்., எஃப்.டி.எஸ்.எல். என்ற இரண்டு மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகள். இரண்டுமே ரஷ்யன், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளை ஆக்கமுறை இலக்கணத்தின் வழியில், அதாவது வாக்கியங்களை உருவாக்கும் விதிகளைத் தேடும் வழியில், ஆராய்பவர்களுக்கானவை.

இந்த இலக்கணத்தைத் தொடங்கிய மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் மரபு தேடுவது எல்லா மனித மொழிகளுக்கும் பொதுவான இலக்கணத்தை என்றுதான் வகுப்பில் படித்தோம். அப்படியிருக்க ஒரே ஒரு குடும்பத்தைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டு மாநாடு நடத்துவது முரணாகத் தெரியவில்லையா? தமிழில் வேலை செய்யப்போகிற நான் இந்தத் தொகுதிகளைப் படித்து என்ன செய்யப்போகிறேன்? உள்ளே போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பனிப்பாதை எழுதியது:

போய் வந்தவள்தான் தம்பி, சொல்கிறேன். முரண் எதுவும் இல்லை. தமிழையும் ரஷ்ய மொழியையும் பக்கத்தில் வைத்தால் எல்லாமே வேறாக இருக்கும். எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ரஷ்யனையும் போலிஷையும் வைத்துப் பாருங்கள். தொண்ணூறு விஷயம் ஒன்றாக இருக்கும், ஒன்றில் மட்டும் பிரியும். அந்த ஒன்றைப் பிடித்து இழுத்தால் காரணம் கையில் வரும்.

என்னை இழுத்துக்கொண்டுபோன விஷயத்தையே சொல்கிறேன். போலிஷில் "புத்தகம் படிக்கிறேன்" என்பது "சித்தம் க்ஷொன்ஷ்கெ". புத்தகம் நம் இரண்டாம் வேற்றுமைக்கு நிகரான வடிவில் இருக்கிறது. "படிக்கவில்லை" என்று மறுத்துவிட்டால் "நியெ சித்தம் க்ஷொன்ஷ்கி". மறுத்த உடனே புத்தகம் ஆறாம் வேற்றுமைக்குத் தாவிவிடுகிறது, அது கட்டாயம். ஸ்லோவேனியனிலும் கட்டாயம்தான். செக் மொழியில் அந்த வழக்கம் தேய்ந்து போய்விட்டது. "நெச்து க்னிஹு" என்று மறுத்தாலும் இரண்டாம் வேற்றுமையே நிற்கும். நடுவில் நிற்பது ரஷ்யன். அங்கே இரண்டும் வரும், ஆனால் சும்மா வராது. "அத்வேத் நி ப்ரிஷோல்" என்றால் எதிர்பார்த்திருந்த அந்தப் பதில் வரவில்லை. "அத்வேதா நி ப்ரிஷ்லோ" என்றால் பதில் என்று ஒன்றுமே வரவில்லை. இரண்டாவதில் எழுவாயே ஆறாம் வேற்றுமை ஏற்றுக்கொண்டு, வினைமுற்று யாரோடும் இயையாமல் நபும்சக (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத) ஒருமையில் நின்றுவிடுகிறது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எல்லா எழுவாயும் இப்படி மாறுவதில்லை. வருதல், தோன்றுதல், இருத்தல் போன்ற வினைகளோடு எளிதாக மாறும். அடித்தான், எழுதினான் போன்ற செயப்படுபொருள் குன்றாவினைகளின் எழுவாய் அசையவே அசையாது. அப்படியானால் "பதில்" என்பது எழுவாய் இடத்தில் பிறந்ததா, செயப்படுபொருள் இடத்தில் பிறந்து பிறகு முன்னால் வந்ததா? மொழியியலாளர் லெனர்ட் பாபி 1980 இல் ஒரு புத்தகமே எழுதினார், டேவிட் பெசெட்ஸ்கி 1982 இல் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் இதைக் கையில் எடுத்தார், இன்றைக்கும் முடிந்தபாடில்லை. ஒரு வேற்றுமை உருபு மாறியதைப் பார்த்துத் தொடரின் அடிக்கட்டுமானத்தைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு எல்லா மொழியிலும் கிடைக்காது.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: எஃப்.ஏ.எஸ்.எல். 1992 இல் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆண்டுதோறும் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சுற்றி வருகிறது. எஃப்.டி.எஸ்.எல். 1995 இல் லைப்ஸிக்கில் தொடங்கியது. நெடுங்காலம் ஜெர்மன் நகரங்களில் நடந்ததற்கு முழு எண், இடையில் வேறு நாட்டில் நடந்ததற்கு அரை எண் என்று இருந்தது. 2017 இல் ஸ்லோவேனியாவின் நோவா கோரிட்சாவில் நடந்தது 12.5. (அந்த ஊர் ரயில் நிலையத்தின் வாசல் சதுக்கத்தில் பாதி இத்தாலியைச் சேர்ந்தது. அரை எண்ணுக்குப் பொருத்தமான ஊர்தான்.)

உள்ளே எப்படி இருக்கும் என்றால், பெரிய மேடை, மாலை, வரவேற்புரை எதுவும் கிடையாது. வகுப்பறை மாதிரி ஓர் அறை, கைத்தாள் கட்டு, அதில் எண் போட்ட எடுத்துக்காட்டு வாக்கியங்கள். பேசுபவர் மூன்றாவது வாக்கியத்துக்கு வரும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்பும்: "என் பேச்சில் இது சரி." எனக்கு அந்த மாநாட்டில் மிகவும் பிடித்தது அந்தக் கைதான். தமிழைப் பற்றி வெளிநாட்டில் பேசியபோதெல்லாம் அறையில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் நானாக இருந்திருக்கிறேன். நான் சொன்னதுதான் சட்டம். ஒரு துறைக்கு அது நல்லதல்ல.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

நான் மொழியியல் படித்தவன் அல்ல. ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவன். நீங்கள் ஆறாம் வேற்றுமையைப் பற்றி இவ்வளவு ரசித்து எழுதுவதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கடையில் காசு எண்ணும்போது நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

ஒரு ரூபிள் என்றால் "அதீன் ரூப்ள்". இரண்டு, மூன்று, நான்கு என்றால் "த்வா ரூப்ல்யா", அது ஆறாம் வேற்றுமை ஒருமையாம். ஐந்திலிருந்து "பியாத் ரூப்லேய்", ஆறாம் வேற்றுமைப் பன்மை. சரி, இருபது வரைக்கும் இப்படியே என்று மனப்பாடம் செய்தால், இருபத்தொன்றில் மறுபடி "ரூப்ள்" என்று ஒருமைக்குத் திரும்பிவிடும். இருபத்தொரு ரூபிள் ஒருமை! உடற்கூறியல் அட்டவணைகள் எவ்வளவோ மேல்.

இதில் உச்சம், "ஐந்து ரூபிளோடு போனேன்" என்று சொல்ல வாயெடுத்தால் "ஸ் பியத்யூ ரூப்ல்யாமி". இப்போது ஐந்தும் மூன்றாம் வேற்றுமை, ரூபிளும் மூன்றாம் வேற்றுமை. இத்தனை நேரம் ரூபிளை ஆட்டிவைத்த எண்ணுப்பெயர் திடீரென்று அதன் பக்கத்தில் அடக்கமாக நிற்கிறது. ஏன் என்று ஆசிரியையிடம் கேட்டேன். "அப்படித்தான்" என்றார்.

---

பனிப்பாதை எழுதியது:

மாத்திரைப்பெட்டி, நீங்கள் கேட்ட "ஏன்"தான் இந்தத் துறையில் பலருடைய பிழைப்பு. பாபி 1987 கட்டுரையில் இதைத்தான் கேட்டார். எழுவாய், செயப்படுபொருள் வேற்றுமை போன்றவை தொடரின் கட்டமைப்பிலிருந்து வருபவை, விட்டுக்கொடுக்கும். முன்னிடைச் சொல்லும் (பெயருக்கு முன்னால் வந்து நம் உருபு போல வேலை செய்யும் சொல்) சில வினைகளும் பிடிவாதமாகக் கேட்கும் வேற்றுமைகள் விட்டுக்கொடுக்காது. "ஸ்" என்ற முன்னிடைச் சொல் மூன்றாம் வேற்றுமையைக் கேட்டுவிட்டால் எண்ணுப்பெயரின் அதிகாரம் அங்கே செல்லாது என்பது அவர் வாதம்.

பெசெட்ஸ்கி 2013 இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ரஷ்யப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஆறாம் வேற்றுமையில் பிறக்கிறது, மேலே வந்து சேரும் சொற்கள் அதன்மீது தங்கள் உருபைப் பூசி மறைக்கின்றன, எண்ணுப்பெயரோடு வரும்போது பழைய நிறம் தெரிந்துவிடுகிறது என்கிறார். வேற்றுமை என்பது தனியாக ஒன்றும் இல்லை, பெயர், வினை, முன்னிடை போன்ற சொல்வகைகளே உருபாக வெளிப்படுகின்றன என்பது புத்தகத்தின் மையம். எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் கடையில் சில்லறை எண்ணும் இலக்கணத்திலிருந்து இப்படி ஒரு கேள்விக்குப் போக முடிகிறதே என்ற வியப்பு குறையவில்லை.

---

கணித்திரை எழுதியது:

மொழித் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறேன், கொஞ்சம் எதிர்த்துப் பேச அனுமதியுங்கள். எனக்கு இரண்டு குறைகள்.

முதலாவது, அந்த நட்சத்திரக் குறி. வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டால் "இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்" என்று பொருள். யாரிடம் கேட்டார்கள்? ஆசிரியர் தன்னையே கேட்டுக்கொண்டார். பின்வரிசையில் ஒரு கை எழும்புகிறது என்று பனிப்பாதை பெருமையாகச் சொல்கிறார். அந்தக் கை எழும்பிய பிறகு நட்சத்திரம் அழிகிறதா, இல்லை "அது வட்டார வழக்கு" என்று ஓர் அடிக்குறிப்பு சேர்கிறதா?

இரண்டாவது, ஸ்லாவியத்தில் கண்டதை உலகத்துக்கே சட்டமாக்குவது. கனெக்டிகட்டில் இருக்கும் ஜெல்கோ போஷ்கோவிச்சின் வாதம் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தின் "த" போன்ற சுட்டிடைச்சொல் இல்லாத மொழிகளில்தான் பெயரடையைப் பெயரிலிருந்து பிய்த்து முன்னால் கொண்டுபோக முடியும் என்கிறார். ரஷ்யனில் "தரகூயு ஓன் வீதெல் மஷீனு", அதாவது "விலையுயர்ந்த அவன் பார்த்தான் காரை", சரியான வாக்கியம். சுட்டிடைச்சொல் உள்ள பல்கேரியனில் முடியாது. நல்லது. தமிழிலும் சுட்டிடைச்சொல் இல்லை. "அழகான நான் வீட்டைப் பார்த்தேன்" என்று சொல்லிப்பாருங்கள். அழகு வீட்டை விட்டுவிட்டு என்னிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

---

நன்னூல்வாசல் எழுதியது:

கணித்திரை அவர்களுக்கு வீடு கிடைக்காவிட்டாலும் அழகாவது கிடைத்ததே. நம் செய்யுளில் "சுரையாழ அம்மி மிதப்ப" என்று மொழிமாற்றுப் பொருள்கோளே இருக்கிறது, சுரை மிதக்க வேண்டும், அம்மி ஆழ வேண்டும். படிப்பவர்தான் சொற்களை இடம் மாற்றிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

---

பனிப்பாதை எழுதியது:

நன்னூல்வாசல் ஐயா, செய்யுளில் கவிஞர் வேண்டுமென்றே போடும் முடிச்சு அது. ரஷ்யன் தெருவில் பேசும்போதே பிய்க்கிறான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

கணித்திரை, போஷ்கோவிச் சொன்னது ஒருவழிப் பாதை. பிய்க்கிற மொழியில் சுட்டிடைச்சொல் இருக்காது என்றுதான் சொல்கிறார். சுட்டிடைச்சொல் இல்லாத எல்லா மொழியும் பிய்க்கும் என்று சொல்லவில்லை. சீனமும் பிய்ப்பதில்லை. ரஷ்யப் பெயரடை பால், எண், வேற்றுமை மூன்றையும் சுமந்துகொண்டு நடப்பதால் எவ்வளவு தூரம் போனாலும் உரியவரைக் கண்டுபிடித்துவிடலாம். "அழகான" எதையும் சுமக்கவில்லை. தமிழ் இங்கே அவருக்கு எதிர்ச்சான்று இல்லை. ஆனால் இயைபு இல்லாததுதான் காரணமா என்று சோதிக்க நல்ல இடம்.

நட்சத்திரக் குறி பற்றிய குறை நியாயமானது. பத்திருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஸ்லோவேனியனில் "பசுக்களும் கன்றுகளும் போய்விட்டன" என்று சொல்ல வேண்டும். பசு, "க்ராவெ", பெண்பால் பன்மை. கன்று, "தெலெதா", நபும்சகப் பன்மை. வினை யாரோடு இயைய வேண்டும்? "ஒத்ஷ்லா" என்றால் பக்கத்தில் இருக்கும் கன்றோடு. "ஒத்ஷ்லெ" என்றால் முதலில் வந்த பசுவோடு. "ஒத்ஷ்லி" என்றால் ஆண்பால்! வாக்கியத்தில் ஆண்பால் சொல்லே இல்லை, ஆனாலும் அது வருகிறது, எந்தச் சண்டையும் தீராதபோது அழைக்கப்படும் பொதுவடிவமாக. மாருஷிச், நெவின்ஸ், பாடெக்கர் மூவரும் இதைத் தங்கள் காதை நம்பி எழுதவில்லை. பேசுவோரை உட்காரவைத்து வாக்கியத்தை நிரப்பச் சொல்லிச் சோதனை செய்து 2015 இல் வெளியிட்டார்கள். பிறகு அதே சோதனை ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா என்று பல ஊர்களுக்கு விரிந்தது. ஒரே பேச்சாளரிடமே ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருப்பது தெரிந்தது. வினை முன்னால் வந்துவிட்டால் பக்கத்துச் சொல்லோடு இயைவதே மேலோங்குகிறது.

ஸ்லாவியத்திலிருந்து உலகச் சட்டம் எழுதக் கூடாது என்கிறீர்கள். ஆனால் இந்தத் துறை பிறந்ததே பாதி அங்கேதான். மொழியியலாளர் மோரிஸ் ஹாலே லாட்வியாவில் பிறந்தவர், ரஷ்ய மொழியியலாளர் ரோமன் யாகப்சனின் மாணவர். 1959 இல் ரஷ்ய ஒலியமைப்பு பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் காட்டினார். ரஷ்யனில் "க்" அடுத்து வரும் ஒலிப்புள்ள (குரல்நாண் அதிரும்) மெய்யால் "க³்" (ஆங்கில g) ஆகிறது, "ச்" அதே சூழலில் "ஜ்" ஆகிறது. முதல் மாற்றம் இரண்டு ஒலியன்களுக்கு (சொல்லின் பொருளை மாற்றக்கூடிய ஒலிகளுக்கு) இடையே நடக்கிறது. இரண்டாவதில் "ஜ்" தனி ஒலியனே அல்ல. ஒலியன் என்ற படிநிலையை வைத்துக்கொண்டால் ஒரே விதியை இரண்டாக வெட்டி இரண்டு இடத்தில் எழுத வேண்டும். அந்தப் படிநிலையே வேண்டாம் என்றார். ஆக்கமுறை ஒலியனியல் அங்கிருந்துதான் எழுந்து நடந்தது.

---

நன்னூல்வாசல் எழுதியது:

பசுவும் கன்றும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியை நன்னூல் எழுதிய பவணந்தியார் கேட்டு முடித்துவிட்டார். அதில் பொதுவியல் பகுதியைப் பாருங்கள். திணையும் பாலும் வேறான பல பொருள்கள் கலந்து வந்தால் சிறப்பு, மிகுதி, இழிவு என்ற மூன்றில் ஒரு காரணத்தால் ஒரே முடிபு (வினைமுற்று வடிவம்) கொள்ளும் என்கிறார்.

உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள்: "திங்களும் சான்றோரும் ஒப்பர்". திங்கள் அஃறிணை, சான்றோர் உயர்திணை, சிறப்பினால் உயர்திணை முடிபு. "மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா". மூர்க்கன் உயர்திணைதான், இழிவினால் முதலையோடு சேர்ந்து அஃறிணைப் பன்மை முடிபு. மிகுதிக்கு ஒரு நீண்ட பட்டியல், பார்ப்பாரும் மூத்தாரும் இளையாரும் பெண்டிரும் நடுவில் ஒரு பசுவும், கடைசியில் "இவர்கட்கு" என்று உயர்திணை. இவ்வளவும் இருக்க, ஸ்லோவேனியாவுக்கு எதற்குப் போக வேண்டும்?

---

தென்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் கொடுத்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். "திங்களும் சான்றோரும் ஒப்பர்" என்பதில் வினைக்குப் பக்கத்தில் இருப்பது சான்றோர், உயர்திணை. முடிபும் உயர்திணை. "மூர்க்கனும் முதலையும் ... விடா" என்பதில் பின்னால் வருவது முதலை, அஃறிணை. முடிபும் அஃறிணை. சிறப்பும் இழிவும் காரணமா, பக்கத்தில் இருப்பது காரணமா என்று இந்த இரண்டை வைத்துச் சொல்லவே முடியாதே! ஸ்லோவேனியாவுக்குப் போயிருக்காவிட்டால் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

வரிசையை மாற்றினால்தான் தெரியும். இங்கே இருப்பவர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்:

யானைகளும் பாகர்களும் வந்தார்கள்.
யானைகளும் பாகர்களும் வந்தன.
பாகர்களும் யானைகளும் வந்தார்கள்.
பாகர்களும் யானைகளும் வந்தன.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

இரண்டாவது தவறு. மற்ற மூன்றும் எனக்குச் சரி.

---

நன்னூல்வாசல் எழுதியது:

நான்காவதையும் நான் ஏற்க மாட்டேன். பாகர் என்ன இழிந்தவரா? முதலையோடு சேர்த்த மூர்க்கன் கதை வேறு. "சான்றோரும் திங்களும் ஒப்பர்" என்று மாற்றினாலும் எனக்கு உயர்திணை முடிபுதான் வருகிறது. ஆனால் தென்கரை கேட்ட கேள்வியை எந்த உரையிலும் நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

கணித்திரை எழுதியது:

பார்த்தீர்களா, இரண்டு பேர், இரண்டு நட்சத்திரம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேச்சில் அஃறிணைப் பன்மைக்கு "வந்தன" என்று யாரும் சொல்வதில்லை, ஒருமை முடிபையே எல்லாவற்றுக்கும் போடுகிறோம். அதனால் "வந்தன" வாக்கியங்களை எழுத்து நடையாகக் கேட்கும்போது காதைவிடப் பள்ளிக்கூடம்தான் பதில் சொல்கிறது. சோதனை செய்வதென்றால் முடிக்காத வாக்கியத்தைக் கொடுத்து அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள், சரியா தவறா என்று கேட்காதீர்கள். வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். நடுவில் தொடர்பில்லாத வாக்கியங்களையும் சேருங்கள். தரவைத் திரட்டினால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

---

பனிப்பாதை எழுதியது:

எதிர்க்கட்சியே வேலைக்கு வந்துவிட்டது, இனி என்ன.

தென்கரை, அனுப்ப வேண்டிய இடமும் இருக்கிறது. தெற்காசிய மொழிகளுக்கு எஃப்.ஏ.எஸ்.ஏ.எல். என்று ஒரு மாநாடு 2011 இல் ஆம்ஹர்ஸ்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஸ்லாவிய மாநாட்டின் பெயரோடு ஓர் எழுத்துதான் கூடுதல். ஆய்வுச் சுருக்கம் பொதுவாக இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், உங்கள் பெயர் எங்கும் வரக் கூடாது. "என் முந்தைய கட்டுரையில்" என்றுகூட எழுத வேண்டாம், யார் எழுதியது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடும். முதல் பத்தியிலேயே யானை வாக்கியங்களை வைத்துவிடுங்கள், கோட்பாடு பின்னால் வரட்டும். நன்னூல் எடுத்துக்காட்டுகளை அரைப் பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஆனால் விட்டும் விடாதீர்கள். அது வேறு யாரிடமும் இல்லாத சரக்கு.

படிக்க வேண்டிய ஸ்லாவியக் கட்டுரைகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எஃப்.டி.எஸ்.எல். தொகுதிகளில் அண்மைக் காலத்தவை பெர்லினிலிருந்து இயங்கும் லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ் வழியாக இலவசமாகவே கிடைக்கின்றன. "போஸ்னிய-குரோஷிய-மாண்டினீக்ரோ-செர்பியம்" என்று நீளமாக ஒரு மொழிப்பெயர் வந்தால் மிரள வேண்டாம், பழைய கட்டுரைகளில் செர்போ-குரோஷியன் என்று இருப்பதுதான்.

---

மெய்ப்புமேசை எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பத்திரிகையில் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன் என்பதால் என் காதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "யானைகளும் பாகர்களும் வந்தன" என்று வந்தால் சிவப்பு மை போட்டு "வந்தனர்" என்று மாற்றிவிடுவேன். "பாகர்களும் யானைகளும் வந்தன" என்று வந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஒன்று விட்டுவிட்டீர்கள். "பாகனும் யானையும்" என்று ஒருமையில் வைத்துக் கேளுங்கள். அங்கே "வந்தார்கள்" என்று போடவும் எனக்குக் கை வரவில்லை, "வந்தன" என்று போடவும் வரவில்லை. "பாகன் யானையோடு வந்தான்" என்று வாக்கியத்தையே மாற்றி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன்.